அக்கா கல்யாண விசிடி, அக்கா மகள் கல்யாண 4கே: இரண்டும் ஓடாத லேப்டாப்பில் விஎல்சி ப்ளேயர்

அக்காவுக்கு 2001-இல் கல்யாணம். கேசட்டிலிருந்து விசிடிக்கு ஊரே மாறிக்கொண்டிருந்த நேரம், அதனால் ஸ்டுடியோக்காரர் மூன்று டிஸ்க்காகப் போட்டுக் கொடுத்தார். அக்கா மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம் முடிந்தது, இந்த முறை வந்தது ஒரு பென்டிரைவ். சம்பந்தி வீட்டார் வரும்போது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. வீட்டில் இருப்பது 2017-இல் வாங்கிய ஒரு லேப்டாப், இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, டிவிடி டிரைவ் உள்ளது, விண்டோஸ் 10. பென்டிரைவைச் செருகினால் சத்தம் மட்டும் வந்தது, படம் கறுப்பு. டிஸ்க்கைப் போட்டால் எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் திருப்பிக் கேட்டது. "ரெண்டுமே கெட்டுப்போச்சா தம்பி?" என்று போனில் கேட்டாள் அக்கா. அவள் குரலைக் கேட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போய்விட்டேன்.

கெட்டுப்போகவில்லை. ஒன்று அந்த லேப்டாப்புக்கு ரொம்பப் பழசு, இன்னொன்று ரொம்பப் புதுசு, அவ்வளவுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டோம். பெரும்பாலான வேலையைச் செய்தது விஎல்சி. பல வருடமாக நான் பயன்படுத்தும் ப்ளேயர்தான் என்றாலும், எது அதனால் முடியும், எது முடியாது என்று எனக்கே தெளிவானது இந்த மூன்று வாரத்தில்தான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வீடியோ ஓடவில்லை என்றதும் பலரும் ஃபைலின் பெயர் எம்பி4 என்று முடிகிறதா, எம்கேவி என்று முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அது வெறும் தூக்குச்சட்டி. உள்ளே சாம்பாரா பாயசமா என்று சட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கோடெக். 2003-இல் வந்த எச்.264 என்றால் ஏறக்குறைய எல்லா கம்ப்யூட்டரிலும் ஓடும். 2013-இல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி என்றால் விண்டோஸ் தயங்கும். இரண்டும் ஒரே எம்பி4 பெயரில்தான் வரும். சத்தம் வந்து படம் வரவில்லையா, படத்தின் கோடெக்கை உங்கள் ப்ளேயருக்குத் தெரியவில்லை. படம் வந்து சத்தம் வரவில்லையா, ஏசி-3, டிடிஎஸ் மாதிரி ஏதோ ஒலி கோடெக் பிரச்சினை. இரண்டுமே வராமல், நேரம் 00:00 என்று காட்டினால் அது வேறு கதை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

எச்இவிசி ஃபைலைத் திறந்தால் விண்டோஸ் தன் ஸ்டோருக்கு அழைத்துப்போய் 0.99 டாலருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கச் சொல்கிறது. காப்புரிமைக் கட்டணம் இருக்கிற கோடெக் அது, அதனால் காசு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து ஐபோன் இந்த முறையில்தான் வீடியோவைச் சேமிக்க ஆரம்பித்தது. போனில் அழகாக ஓடியது கம்ப்யூட்டரில் ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

விஎல்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது. விண்டோஸில் என்ன கோடெக் இருக்கிறது என்று அது தேடிக்கொண்டிருப்பதில்லை, சுருக்கிய படத்தை விரித்துக் காட்டும் டிகோடர்களைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. இன்ஸ்டாலர் 50 எம்பி கூட வராது. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, காசும் இல்லை. இதனால் இன்னொன்றும் தெளிவாகிறது: விஎல்சி வைத்திருப்பவர், பல கோடெக்குகளை மொத்தமாகக் கட்டித் தரும் 'கோடெக் பேக்' எதையும் தேடிப்போய் இறக்கத் தேவையே இல்லை. அப்படி இறக்கினாலும் விஎல்சி அதைச் சீண்டாது. கண்ட கண்ட தளத்திலிருந்து கோடெக் பேக் இறக்கி, கூடவே வேண்டாத நான்கு புரோகிராம்களும் ஏறி உட்கார்ந்துகொண்ட கம்ப்யூட்டர்களை நான் நிறையச் சுத்தம் செய்திருக்கிறேன், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, பென்டிரைவுக்கு வருவோம். அக்கா ஸ்டுடியோக்காரரிடம் "எடுத்ததை எல்லாம் அப்படியே குடுங்க" என்று கேட்டிருந்தாள், அதனால் எடிட் செய்த வீடியோவுடன் கேமராவிலிருந்து வந்த மூல ஃபைல்களும் இருந்தன, மொத்தம் பதினொன்று. விஎல்சியில் திறந்ததும் படம் வந்தது. அக்கா முகம் மலர்ந்தது. ஆனால் நான்கு நொடிக்குள் படம் திக்கித் திக்கி நின்றது, நாதஸ்வரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மணமேடையில் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

இங்கேதான் விஎல்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த விசயம் உதவியது. ஓடும்போது கன்ட்ரோலையும் ஜே-யையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். கோடெக் என்ன, அளவு என்ன, நொடிக்கு எத்தனை பிரேம், எல்லாம் அதில் இருக்கும். இந்த ஃபைலுக்கு எச்இவிசி, 3840 × 2160, 50 பிரேம் என்று காட்டியது, அதற்குக் கீழே 'பிளேனார் 4:2:2 ஒய்யுவி 10-பிட்' என்று ஒரு வரி. பலர் அந்தக் கடைசி வரியைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. சாதாரணமாக நாம் பார்க்கிற வீடியோ எல்லாம் 8 பிட், 4:2:0. அதைவிட அதிகமான நிற விவரம் வைத்திருப்பது 10 பிட் 4:2:2. எடிட்டிங்கில் நிறத்தைத் திருத்த வசதியாக இருக்கும் என்று கல்யாணத்துக்குப் படம் பிடிப்பவர்கள் பலர் இப்போது இதில் எடுக்கிறார்கள். ஆறாம் தலைமுறை இன்டெல் சிப்பால் எச்இவிசியை அதற்கென்றே உள்ள தனி வன்பொருள் மூலம் பிரிக்க (சுருக்கியதை விரிக்க) முடியும், ஆனால் 8 பிட் 4:2:0 வரைதான். எச்இவிசி 4:2:2-க்கு இன்டெல்லில் இன்னும் சில தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, விஎல்சி மொத்த வேலையையும் அந்தச் சின்ன பிராசஸர் தலையில் போடுகிறது, அது நொடிக்கு 50 பிரேம் பிரித்துக் கொடுக்க முடியாமல் தவிக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது சரியாகாது. தெரியாமல் நான் இதே மாதிரி ஒரு ஃபைலுடன் முன்பொரு முறை ஒரு நாள் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

இதற்கு வழி, ஃபைலை மாற்றுவதுதான். விஎல்சியிலேயே மாற்றும் வசதி உண்டு, கன்ட்ரோல் ஆர். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த புரொஃபைலைத் தேர்வு செய்வது என்று குழப்பும், சில நேரம் முடிந்த ஃபைலில் சத்தமே இருக்காது, எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. அதற்குப் பதில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை எடுங்கள். ஃபைல்களை இழுத்துப் போட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட்டை (முன்பே அமைத்து வைத்த செட்டிங்) தேர்ந்தெடுத்து வரிசையில் போட்டுவிட்டால் போதும், எச்.264-ஆக மாறி வந்துவிடும். அந்த லேப்டாப்பில் இரவு படுக்கப்போகும்போது போட்டுவிட்டு வந்தேன், மறுநாள் மத்தியானம்தான் முடிந்தது என்று அக்கா சொன்னாள். மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள், மாற்றியது பார்ப்பதற்கு, மூலம் வைத்திருப்பதற்கு. இன்னொன்று, 'இலவசமாக வீடியோ மாற்றித் தருகிறோம்' என்கிற இணையதளங்களில் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கிற வீடியோவை ஏற்றுவது எனக்குச் சம்மதமே இல்லை.

படம் திக்காமல், பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் அது வேறு பிரச்சினை. டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை 'டிசேபிள்' செய்துவிட்டு விஎல்சியை மூடித் திறந்து பாருங்கள். பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் அதே இடத்தில் சப்டைட்டில் பகுதிக்குப் போய் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்றும் எழுத்துருவை நிர்மலா யூஐ என்றும் மாற்றுங்கள். சத்தமும் உதடும் பொருந்தவில்லை என்றால் ஜே, கே விசைகள், ஒரு அழுத்துக்கு 50 மில்லிசெகண்ட் நகரும்.

பதினொன்றில் ஒரு ஃபைல் மட்டும் எதற்கும் அசையவில்லை. மாப்பிள்ளை அழைப்பு. 3 ஜிபிக்கு மேல் அளவு இருக்கிறது, ஆனால் விஎல்சியில் போட்டால் 00:00, ஒரு நொடியில் நின்றுவிடுகிறது, பிழைச் செய்தி கூட இல்லை. இந்த இடத்தில் விஎல்சி மீது எனக்கு உண்மையான வருத்தம். என்ன குறை என்று அதற்குத் தெரியும், ஆனால் கன்ட்ரோல் எம் அழுத்தி, வரும் செய்தி ஜன்னலில் வெர்பாசிட்டியை (எவ்வளவு விவரம் காட்ட வேண்டும் என்ற அளவு) 2 என்று வைத்து, ஓடுகிற நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் நாமே தேட வேண்டியிருக்கிறது. அக்காவால் அதைச் செய்ய முடியுமா?

காரணம் இதுதான். எம்பி4 ஃபைலில் 'மூவ்' என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், எந்தக் கோடெக் என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கும். கல்யாண வீட்டில் மொய்ப்பணம் எல்லாம் பையில் பத்திரமாக இருந்து, மொய் நோட்டு மட்டும் தொலைந்துபோனால் எப்படி இருக்கும், அதே நிலைமை. கேமராக்கள் பெரும்பாலும் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் இந்தக் கணக்கை எழுதும். நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, கார்டைப் பிடுங்கினாலோ, படம் முழுக்க இருக்கும், கணக்கு இருக்காது. ஸ்டுடியோவில் கேட்டோம், பேட்டரி போன ஞாபகம் இருக்கிறது என்றார்கள், கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாகிவிட்டது என்றும் சொன்னார்கள். கொடுக்கும் முன் ஒரு முறை திறந்து பார்த்திருக்கலாம், அது அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

இதைச் சரிசெய்ய 'அன்ட்ரங்க்' என்று ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த, நன்றாக ஓடுகிற ஒரு ஃபைலை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதன் அமைப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, கெட்ட ஃபைலில் பிரேம்களைத் தேடிப் புதுக் கணக்கு எழுதும். அக்கா மூல ஃபைல்களையும் கேட்டு வாங்கியிருந்தது இங்கேதான் உதவியது, மாதிரிக்கு ஃபைல் கையிலேயே இருந்தது. அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை அழைப்பு வந்துவிட்டது, கடைசி ஓரிரு நொடி மட்டும் இல்லை. இதே வேலைக்குக் காசு கேட்கும் மென்பொருட்கள் நிறைய இருக்கின்றன, முதல் சில நொடிகளைக் காட்டிவிட்டு மீதிக்கு விலை சொல்லும். முதலில் இதை முயன்று பாருங்கள். ஃபைல் அளவே 0 என்று இருந்தாலோ, மூலத்தைவிடக் குறைவாக இருந்தாலோ எந்த மென்பொருளும் வேண்டாம், காப்பி பாதியில் நின்றிருக்கிறது, கொடுத்தவரிடம் திரும்ப வாங்குங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றை ஃபைல் ஏறவே ஏறாது, எக்ஸ்ஃபேட் என்று மாற்றினால் ஏறும்.

இனி விசிடி. எனக்கு அதிக நேரம் போனதும், மனசுக்கு நிறைவாக இருந்ததும் இதில்தான்.

விசிடியைத் திறந்தால் உள்ளே சில ஃபோல்டர்கள் இருக்கும், 'எம்பெக்-ஏவி' என்ற ஃபோல்டரில் டாட் (.dat) என்று முடியும் பெரிய ஃபைல்தான் வீடியோ. அது எம்பெக்-1, படத்தின் அளவு 352 × 288, ஒரு டிஸ்கில் 74 முதல் 80 நிமிடம் வரை பிடிக்கும். டாட் என்ற பெயரைப் பார்த்து விண்டோஸ் அதை வீடியோ என்றே நினைப்பதில்லை. விஎல்சி ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டதும் ஓடிவிட்டது. பொதுவாகப் பெயரை மாற்றினால் எதுவும் மாறாது என்பேன், ஆனால் டாட் மட்டும் விதிவிலக்கு, எம்பிஜி என்று முடிவை மாற்றினாலே பல ப்ளேயர்களில் ஓடும்.

முதல் இரண்டு டிஸ்கையும் ஹார்டுடிஸ்கில் காப்பி எடுத்தாகிவிட்டது. மூன்றாவது பாதியில் நின்றது. 24 வருடம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்த டிஸ்க், அடிப்பக்கம் நீளமாக ஒரு கீறல். இதே டிஸ்க் முன்பு டிவியில் ஓடியதே என்று அக்கா கேட்டாள், நியாயமான கேள்விதான். விசிடியில் வீடியோ எழுதப்படும் விதம் சாதாரண டேட்டா சிடி மாதிரி இல்லை. கூடுதல் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிடுவார்கள், அப்போதுதான் அவ்வளவு நிமிடம் பிடிக்கும். விசிடி ப்ளேயர் படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய்விடும், நமக்கு ஒரு கணம் கட்டம் கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். விண்டோஸ் காப்பி அப்படி இல்லை, ஒரு இடம் படிக்கவில்லை என்றால் முழு வேலையையும் நிறுத்திவிடும்.

மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தோம், வட்டமாகத் துடைக்கக் கூடாது. கொஞ்சம் முன்னேற்றம். அப்புறம் என் வீட்டிலிருந்த பழைய டெஸ்க்டாப்பின் டிரைவில் போட்டேன், லேப்டாப் டிரைவ் நின்ற இடத்தை அது தாண்டியது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம், அதனால் ஒன்றில் தோற்றதும் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசியாக ஐசோபஸ்டர் என்ற மென்பொருளால், படிக்கவே முடியாத இடங்களை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்தோம். கிடைத்த ஃபைலில் இடையிடையே ஓட்டை, ஆனாலும் விஎல்சி முகம் சுளிக்காமல் அதை ஓட்டியது.

விஎல்சிக்கு இந்தப் பொறுமை வந்ததற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1996-இல் பிரான்சில் எக்கோல் சென்ட்ரல் பாரி கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் இது, கல்லூரி நெட்வொர்க் வழியாக வீடியோவை அனுப்பிப் பார்ப்பதுதான் நோக்கம். அனுப்பும் பக்கம் ஒரு சர்வர், பார்க்கும் பக்கம் ஒரு கிளையன்ட், 'வீடியோலேன் கிளையன்ட்' என்பதன் சுருக்கம்தான் விஎல்சி. நெட்வொர்க்கில் வரும் வீடியோவில் துண்டுகள் காணாமல் போவது சாதாரணம், ஒன்று வரவில்லை என்று நின்றுவிட்டால் எதையுமே பார்க்க முடியாது. கிடைத்ததை வைத்து ஓட்டு என்று பழகிய ப்ளேயர் அது. 2001-இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள், அக்கா கல்யாணமான அதே வருடம்.

மூன்றாவது டிஸ்கின் நடுவில் தாத்தா ஆசீர்வாதம் செய்யும் காட்சி. வலது கையில் அட்சதையை எடுத்துக்கொண்டு குனிகிறார், அங்கே படம் சிதறிச் சாம்பல் கட்டங்களாகிறது, சத்தம் அறுகிறது. மூன்று நொடி. மறுபடி படம் வரும்போது அவர் கை அக்காவின் தலை மேல் இருக்கிறது. அந்த மூன்று நொடி கிடைக்கவில்லை, இரண்டு டிரைவிலும் முயன்றுவிட்டேன். அக்கா அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, நான்கு முறை பார்த்தாள். தாத்தா 2006-இல் இறந்துவிட்டார்.

பின்னால் தள்ளுவது என்றதும் ஞாபகம் வருகிறது, விஎல்சி 3-இல் ஈ விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக முன்னால் போகலாம், பின்னால் வர முடியாது. பல வருடமாக எல்லோரும் கேட்கும் வசதி. நாம் கிளிக் செய்த இடத்துக்குச் சரியாகப் போகாமல் கொஞ்சம் முன்னே பின்னே போய் நிற்பதும் உண்டு. கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் இருந்து, மெனு எதுவும் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாம் செய்யத் தயார் என்றால் எம்பிவி என்ற ப்ளேயரைப் பாருங்கள், பெரிய ஃபைல்களில் எனக்கு அது விஎல்சியைவிடச் சீராக ஓடுகிறது. அக்கா மாதிரி ஒருவருக்கு அதைப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

இறக்கும்போது மட்டும் கவனம். வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், தேடலில் மேலே வரும் மற்ற தளங்களில் வேண்டாம். 2022-இல் இந்தியாவில் அந்தத் தளத்தையே பல மாதம் முடக்கி வைத்திருந்தார்கள், காரணம் என்ன என்று மக்களுக்குச் சொல்லவில்லை. இணைய உரிமைகளுக்காக வாதாடும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் உதவியுடன் வீடியோலேன் சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு அந்த நவம்பரில் தடை நீங்கியது. அந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் வேறு தளத்திலிருந்து 'விஎல்சி' இறக்கி அவஸ்தைப்பட்டார்கள். இப்போது தளம் சாதாரணமாகத் திறக்கிறது, அதனால் வேறு எங்கும் போகக் காரணமே இல்லை.

சம்பந்தி வீட்டார் போன ஞாயிறு வந்துபோனார்கள். இரண்டு கல்யாணமும் டிவியில் ஓடியது. இன்னும் அத்தை வீட்டிலிருந்து ஒரு டிஸ்க் வந்திருக்கிறது, காதுகுத்து, 2002. என் இரண்டு டிரைவும் அதை அடையாளமே காணவில்லை. பழைய டெஸ்க்டாப் டிவிடி டிரைவ்களில் கீறல் விழுந்த விசிடியை நன்றாகப் படிக்கும் மாடல் எது என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தேடி வாங்கிவிடுகிறேன்.